மறைந்த ஆசிரியரின் பீரோவில் என்ன இருக்கிறது? குற்றவியல் துறையின் நினைவேடு பற்றி ஒரு விளக்கம்

முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலையில் செய்தி விழும்: 'சார் தவறிட்டாங்க.' அரைமணி நேரத்தில் கும்பிட்ட கை அறுபது வந்து சேரும். எந்த சார், எந்த வருடத்தில் இருந்தவர், யார் சொன்னது என்று கேட்கிறவர் ஒருவரோ இருவரோதான். சாயங்காலம் ஒரு கூட்டம் துஷ்டி கேட்கப் போய்வரும். பதினாறாம் நாள் கழிந்ததும் 'துறையில ஏதாவது செய்யணும்லா' என்ற பேச்சு எழும். படத்திறப்பா, அறக்கட்டளைச் சொற்பொழிவா, தங்கப் பதக்கமா என்று மூன்று கட்சி பிரியும். ஆறு மாதத்தில் மூன்றும் அடங்கிவிடும்.

தமிழ்த்துறையிலும் வேதியியல் துறையிலும் இதே கதைதான். ஆனால் குற்றவியல் துறைக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அங்கே பாடம் நடத்தியவர் விட்டுச்செல்லும் காகிதங்களில் கைதிகளும், பாதிக்கப்பட்ட பெண்களும், வழக்கில் சிக்கிக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த சிறுவர்களும் அவரை நம்பிச் சொன்னவை இருக்கும். சுவரில் படம் மாட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த பீரோவைப் பற்றியது.

முதலில் சொற்கள்

'குற்றவியல்' என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. நீதிமன்றச் செய்தியில் 'குற்றவியல் வழக்கு' என்றால் உரிமையியல் அல்லாத வழக்கு. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் என்றால் குற்றம் ஏன் நடக்கிறது, யார் செய்கிறார்கள், சமூகமும் அரசும் அதை எப்படி எதிர்கொள்கின்றன என்று ஆராயும் சமூக அறிவியல். தடயவியல் வேறு: இரத்தக்கறை, கைரேகை, நஞ்சு ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகத் துறை. பாதிக்கப்பட்டோரியல் என்பது குற்றத்துக்கு ஆளானவரின் பக்கம் நின்று பார்க்கும் கிளை.

இரங்கல் செய்திகளில் இவை எல்லாம் கலந்துபோகும். நன்னடத்தை அலுவலராக முப்பது வருடம் இருந்தவரை 'பிரபல குற்றவியல் வழக்கறிஞர்' என்று போடுவார்கள். சிறை நல அலுவலரைச் 'சிறைக் காவலர்' என்பார்கள். பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டினால் அந்தப் பிழையும் கூடவே வந்து துறையின் ஏட்டில் குடியேறிவிடும். பதவிப் பெயரைப் பணி ஆணையிலிருந்தோ ஓய்வூதிய ஆணையிலிருந்தோ எடுப்பதே சரி.

'நினைவேடு' என்று இங்கே சொல்வது, துறையோடு தொடர்புடைய மறைந்தவர்களின் பெயர், காலம், பணி ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதி வைக்கும் பதிவேட்டை. நினைவு மலர், போஸ்டர், இரங்கல் மடல் எல்லாம் இதிலிருந்து பிறக்க வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. போஸ்டர் முதலில் வருகிறது. ஏடு வருவதே இல்லை.

ஏன் இப்போது

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வயது குறைவு. சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் தடயவியலுக்குமான துறை தொடங்கியது 1959இல். நெல்லைச் சீமைக்கான மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்ததே 1990இல்தான். நகரத்துக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கும் அந்த வளாகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் ஒரு துறை உண்டு. 1990இல் 35 வயதில் இருந்த ஓர் ஆசிரியருக்கு 2025இல் 70 வயது. துறைகளைத் தொடங்கி வைத்த தலைமுறை ஓய்வு பெற்று முடிந்து, ஒவ்வொருவராகப் போகும் காலம் இது. முதல் சில அணி (பேட்ச்) மாணவர்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

(பல்கலைக்கழகத்தின் பெயரே மறைந்த ஒரு பேராசிரியரின் நினைவுதான். பெ. சுந்தரம் பிள்ளை 1897இல் இறந்தபோது அவருக்கு 42 வயது. படத்தாலோ சிலையாலோ அல்ல, 1891இல் அச்சான ஒரு நாடகத்தால் அவர் பெயர் நிற்கிறது.)

யார் பெயர் வரும்

இதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சண்டை. நிரந்தர ஆசிரியர், பட்டம் பெற்ற மாணவர் இருவரைப் பற்றியும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி வருவது ஓரத்தில் இருப்பவர்களைப் பற்றி: கௌரவ விரிவுரையாளர், தொலைநிலைக் கல்வியில் படித்தவர், பாதியில் நின்றவர், படிக்கும்போதே சாலை விபத்தில் போனவர், எம்.ஃபில். மட்டும் செய்தவர் (பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகள் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டதால் அந்த வரிசை இனி நீளாது), அலுவலக உதவியாளர்.

எல்லாரையும் சேர்ப்பதே நல்லது. தொடர்பு என்ன என்பதை ஏட்டில் ஒரு தனிக் கட்டத்தில் குறித்தால் போதும்: 'ஆசிரியர்', 'மாணவர்', 'படிக்கும்போதே மறைந்தவர்', 'அலுவலகம்'. தகுதி பார்த்துச் சேர்ப்பது என்று தொடங்கினால், சேர்க்காதவரின் வீட்டுக்குப் போய் யார் காரணம் சொல்வது?

இறந்தது உண்மையா: சரிபார்க்கும் முறை

உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்தும் கூத்து அடிக்கடி நடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். அல்லது அப்பாவின் சாவுச் செய்தியில் மகன் போட்டோ போயிருக்கும். அதனால்:

1. செய்தி ஒருவழியில் வந்தால் 'தகவல்' என்று மட்டும் குறிக்கவும். குடும்பத்தில் ஒருவர், அவரோடு படித்தவர் அல்லது பணிசெய்தவர் ஒருவர் என்று இரண்டு தனி வழியில் உறுதியானபின் ஏட்டில் ஏற்றவும். ஒரே வாட்ஸ்அப் செய்தி பத்துக் குழுவில் வந்தாலும் அது ஒரு வழிதான்.

2. தேதியில் சந்தேகம் இருந்தால் இறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவு, இறந்த இடத்தில்தான். சொந்த ஊரில் அல்ல. கடையநல்லூர்க்காரர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இறந்தால் கடையநல்லூர் நகராட்சியில் தேடிப் பயனில்லை. நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ சிகிச்சைக்குப் போய் இறந்தவர்களின் பதிவும் அங்கங்கேதான் இருக்கும்.

3. முகவரியைப் பொருத்தும்போது மாவட்டத்தை நம்பக் கூடாது. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது. தென்காசி 2019இல் பிரிந்தது. 2005இல் சேர்ந்த சங்கரன்கோவில் மாணவரின் விண்ணப்பத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருக்கும், சான்றிதழில் 'தென்காசி' என்று இருக்கும். இருவரும் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

4. குடும்பத்தாரிடம் சான்றிதழ் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. பதினாறாம் நாளுக்கு முன்னால் கேட்காதீர்கள். முப்பது நாள் கழித்துக் கேட்டால் அவர்களே வங்கிக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் எடுத்த நகல் கையில் இருக்கும்.

பெயர் என்னும் புதிர்

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து பாதி ஆளை அடையாளம் காட்டும். மீதியை எதுவும் காட்டாது. இந்தச் சீமையில் ஒரே அணியில் இரண்டு முத்துலட்சுமி, மூன்று இசக்கிமுத்து இருப்பது சகஜம். திருமணத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தலைப்பெழுத்து மாறும். அப்பா பெயரோடு படித்தவர் கணவர் பெயரோடு இறந்திருப்பார். ஞானஸ்நானப் பெயரும் பள்ளிப் பெயரும் வேறாக இருப்பதுண்டு. 'சுடலை' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு எழுத்தில் தொடங்குவார்கள். கணினியில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

தீர்வு எளிது. பதிவெண், படிப்பு, சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றும் பெயரோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கல்விச் சான்றிதழில் உள்ள வடிவமே முதன்மை. பிற வடிவங்களைத் தனிக் கட்டத்தில் எழுதலாம். தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துப் பெயரைப் படியெடுக்கவே கூடாது. அதில் பாதி நேரம் சாதிப் பட்டம் சேர்ந்திருக்கும். அவர் படித்த காலத்தில் அதை அவரே எழுதியிருக்க மாட்டார்.

மறைவைக் குறிக்கும் சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். 'அமரர்', 'மர்ஹூம்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' எல்லாம் அந்தந்த வீட்டுக்குரிய சொற்கள். குடும்பம் தரும் குறிப்பில் அப்படியே இருக்கட்டும். ஏட்டில் எல்லாருக்கும் பொதுவாக 'மறைவு' என்ற ஒரு சொல் போதும்.

சாவின் காரணத்தை எழுதலாமா

கூடாது. இதில் குற்றவியல் துறைக்கு விதிவிலக்கு கிடையாது. இன்னும் கூடுதல் பொறுப்புதான் உண்டு. அரசு தரும் இறப்புச் சான்றிதழிலேயே காரணம் இருக்காது. பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தாலும் சான்றிதழில் அதைக் காட்டக் கூடாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பதிவாளரே மறைப்பதை ஒரு துறையின் ஏடு ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

தற்கொலை என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். முறையைச் சொல்லக் கூடாது, இடத்தைச் சொல்லக் கூடாது, 'தேர்வுத் தோல்வியால்', 'கடனால்' என்று ஒற்றைக் காரணம் கட்டக் கூடாது. 2019இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் ஏற்ற வழிகாட்டுதலின் சாரமும் இதுவே. குற்றத்துக்கு ஆளாகி இறந்தவர் என்றால், பாதிக்கப்பட்டோரியல் வகுப்பில் சொல்லித்தரும் 'இரண்டாம் முறை பாதிப்பு' என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை மறுபடி மறுபடி எழுதுவது குடும்பத்துக்கு இன்னொரு அடி.

வழக்கில் சிக்கியிருந்த ஒருவர் விசாரணை முடியுமுன் இறந்துவிட்டால்? இறந்தவர் மீதான குற்ற விசாரணை அத்தோடு அற்றுப்போகும். குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் இல்லை. ஆகவே ஏட்டில் இரண்டையும் எழுத முடியாது. பெயரும் படித்த ஆண்டும் போதும். மேடையில் யாராவது கிளறினால் அதற்கும் சட்டம் உண்டு: குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மீது பழி சொல்வதும் அவதூறில் அடங்கும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு விளக்கத்தில் இது இருக்கிறது; பழைய தண்டனைச் சட்டத்திலும் 499இல் இருந்தது. அவர் எழுதிய ஆய்வு தவறு என்று வாதிடுவது இதில் சேராது. அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆய்வாளருக்கு அதைவிட மரியாதை வேறில்லை.

பீரோ

எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்கக் குற்றவியலாளர் 1950இல் இறந்தார். பெரிய நிறுவனங்கள் செய்யும் குற்றங்களைப் பற்றி அவர் எழுதிய 'வெள்ளைக்காலர் குற்றம்' நூல் 1949இல் வந்தபோது, அவதூறு வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பெயர்களோடு கூடிய முழுப் பதிப்பு வெளிவந்தது 1983இல், அவர் இறந்து 33 வருடம் கழித்து. நீக்கப்பட்ட பகுதி யாரோ ஒருவரின் அலமாரியில் பத்திரமாக இருந்ததால்தான் அது நடந்தது.

இங்கே என்ன நடக்கிறது? ஆசிரியர் இறந்து ஒரு மாதத்தில் வீட்டை ஒழுங்குபண்ணுவார்கள். மகன் சென்னையிலோ துபாயிலோ. லீவு பத்து நாள்தான். பழைய பேப்பர்க்காரர் தராசோடு வருவார். நாற்பது கிலோ காகிதம் மூன்று சாக்கில் போகும். அதில் பழைய வினாத்தாளும் இருக்கும், தண்டனைக் கைதிகளிடம் எடுத்த நேர்காணல் படிவமும் இருக்கும். மறுவாரம் பஜாரில் யாரோ வாங்கும் வடையின் எண்ணெய் ஊறிய தாளில், 'முதல் குற்றத்தின்போது வயது: 17' என்று பேனாவில் எழுதியது தெரியும், மேல் ஓரத்தில் பெயரும் ஊரும் இருக்கும். இது இழப்பு மட்டுமல்ல. சொன்னவருக்குச் செய்த நம்பிக்கைத் துரோகம்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். அவர் இறந்துவிட்டாலும், உறவினர் சம்மதித்தாலும்கூட வெளியிடக் கூடாது, உரிய காரணம் உண்டா என்பதை அமர்வு நீதிபதியே முடிவு செய்ய வேண்டும் என்று 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தைகளின் அடையாளத்தைக் காக்கின்றன. ஆய்வு செய்தவர் இறந்ததால் இந்தக் கடமைகள் இறப்பதில்லை. காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில் விழும்.

செய்ய வேண்டியது, வரிசைப்படி:

1. செய்தி உறுதியான அன்றே துறையில் அவர் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைத் துறைத் தலைவரிடம் ஒப்படைக்கவும். 'புத்தகம் ஒண்ணு சார்கிட்ட குடுத்திருந்தேன்' என்று வருகிற யாரையும் தனியாக உள்ளே விடக் கூடாது.

2. முப்பது நாளுக்குள் இரண்டு பேர் சேர்ந்து பட்டியல் எடுக்கவும். ஒருவர் துறையிலிருந்து, ஒருவர் குடும்பத்திலிருந்து. வீட்டிலும் இதே முறை. குடும்பத்திடம் முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்: 'பேப்பர் எதையும் போட்டுராதீங்க, நாங்க வந்து பாத்துக்கிடுதோம்.' இந்த ஒரு வாக்கியம் காப்பாற்றுவதை வேறெதுவும் காப்பாற்றாது.

3. மூன்று கட்டாகப் பிரிக்கவும். சொந்தக் கடிதம், வங்கிக் காகிதம், குடும்பப் படம் ஆகியவை வீட்டுக்கு. விடைத்தாள், மதிப்பெண் பட்டியல், ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள பொருள், நூலகப் புத்தகம் ஆகியவை அலுவலகத்துக்கு. நேர்காணல், ஒலிநாடா, வழக்குக் குறிப்பு, சம்மதப் படிவம் ஆகியவை பூட்டிய தனி அலமாரிக்கு. மூன்றாவது கட்டைத் திறப்பவர் பெயரும் தேதியும் ஒரு நோட்டில் ஏற வேண்டும்.

4. சம்மதப் படிவத்தைப் படிக்கவும். 'ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அழிக்கத்தான் வேண்டும்; வரலாற்று மதிப்பு என்று சொல்லி வைத்துக்கொள்ள முடியாது. அப்படி எதுவும் எழுதாவிட்டால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் முடிவுக்கு விடவும். பெயர்ப்பட்டியலும் பதில்களும் ஒரே உறையில் இருந்தால் முதல் வேலை இரண்டையும் பிரிப்பது.

5. ஒலிநாடாவைப் பழைய பிளேயரில் போட்டுப் 'பாடுதா' என்று சோதிக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த நாடா முதல் சுற்றிலேயே அறுந்துபோகும். கணினியில் கடவுச்சொல் இருந்தால் தெருமுனைக் கடையில் கொடுத்து உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

காகிதத்தைப் பாதுகாப்பதில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஆசையால் செய்பவை. பழைய படத்தையும் சான்றிதழையும் லேமினேட் செய்வது முதல் தவறு. பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளேயே மஞ்சளித்துப்போகும். கிழிந்ததை செல்லோடேப்பால் ஒட்டுவது இரண்டாவது. குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுத்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் துரு தாளைத் தின்றுவிடும். ஸ்கேன் செய்ய எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600. மொபைலில் எடுத்த படத்தை ஸ்கேன் என்று சொல்லாதீர்கள்.

வைக்கும் இடம் தரைத்தளமாக இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தால் இரண்டடி உயர அலமாரி எந்த மூலைக்கு? மாடியில் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி (கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்), மின்பிரதி ஒன்றை வேறு ஊரில் வைக்கவும்.

அவர் எழுதியதை வெளியிடலாமா

'சாரின் கிளாஸ் நோட்ஸை எல்லாருக்கும் போட்டுவிடலாம்' என்பது நல்ல எண்ணம். ஆனால் பதிப்புரிமை இறப்போடு முடிவதில்லை, வாரிசுக்குப் போகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 2024இல் இறந்தவர் என்றால் 2084 முடியும்வரை. வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தெந்த எழுத்து, எந்த வடிவில், இலவசமா விற்பனையா, எத்தனை காலத்துக்கு. துக்க வீட்டில் வாயால் சொன்ன 'தாராளமா போட்டுக்கங்க' என்பது ஐந்து வருடம் கழித்துச் செல்லாது.

முடியாமல் நின்ற கட்டுரையில் அவர் பெயரைப் போடலாம், அவர் உண்மையிலேயே உழைத்திருந்தால். பெயருக்கு அருகில் குறியிட்டு, அடிக்குறிப்பில் மறைந்த தேதியையும், இறுதி வடிவை அவர் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சலி என்று எண்ணிக்கொண்டு, அவர் தொடாத கட்டுரையில் பெயரைச் சேர்ப்பது ஏமாற்று. அவர் வழிகாட்டிய ஆய்வு மாணவர்களை வேறொருவரிடம் மாற்றும்போது, ஒருவர் எத்தனை பேருக்கு வழிகாட்டலாம் என்ற எண்ணிக்கை வரம்பு குறுக்கே நிற்கும்: பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. சிறிய துறையில் இடமே இல்லாமல் போகலாம். இரங்கல் கூட்டத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் இது. நடுத்தெருவில் நிற்பது அவருடைய மாணவர்கள்.

பணம்

அறக்கட்டளை என்றதும் எல்லாருக்கும் தங்கப் பதக்கம் நினைவுக்கு வரும். தங்கம் ஏறுகிற வேகத்தில் முதல் வருடம் தங்கம், பிறகு தங்க முலாம், பிறகு சான்றிதழ் மட்டும் என்று முடியும். பதக்கத்தை விட்டுவிடலாம்.

வருடம் 10,000 ரூபாய் பரிசு தர, 6.5 சதவீத வட்டியில் 1,53,846 ரூபாய் வைப்புநிதி வேண்டும். வட்டி முழுவதையும் செலவழித்தால் பரிசு என்றும் 10,000தான். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், இருபது வருடம் கழித்து அந்த 10,000 இன்றைய 3,770 ரூபாய்க்குச் சமம். அதனால் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும். 3,00,000 ரூபாய்க்கு வட்டி 19,500. அதில் 12,000 பரிசுக்கு, 7,500 முதலுக்கு. இதே விகிதமும் இதே வட்டியும் நீடித்தால் இருபது வருடத்தில் முதல் ஏறத்தாழ 4.9 லட்சம், பரிசு 19,600க்கு மேல். விலைவாசியை முழுதாகப் பிடிக்காது. ஆனால் கேலிக்கு இடமாகாது.

கணக்கு யார் பெயரில் என்பது வட்டியை விட முக்கியம். துறைக்குச் சட்டப்படி தனி ஆள்தன்மை கிடையாது. பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக் கணக்கில் பதிவாளர் வழியாகப் போடலாம். அல்லது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி முன்னாள் மாணவர் சங்கத்தைப் பதிந்து (குறைந்தது 7 பேர் வேண்டும்) அதன் பெயரில் போடலாம். பொறுப்பான ஒருவரின் சொந்தப் பெயரில் போட்டால், நாளை அவரும் மறைவார்; பணம் அவர் வாரிசுக்குரியதாக நிற்கும். யாரும் கேட்காமல் பத்து வருடம் கிடந்த வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம்தான், அதற்கு ரசீது வைத்திருப்பவர் வேண்டுமே.

நாளும் மேடையும்

ஒவ்வொருவரின் நினைவு நாளையும் தனித்தனியாகக் கொண்டாடத் தொடங்கினால் முதல் மூன்று வருடம் நடக்கும். பதினைந்து பெயர் சேர்ந்ததும் யாருக்கும் நடக்காது. வருடத்துக்கு ஒரே நாள் வைப்பதுதான் நிற்கும். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கில் இறந்த காவலர்களின் நினைவாக வந்தது. காவல் பணியில் இறந்த முன்னாள் மாணவர்களுக்கு அது பொருந்தும், துறை முழுமைக்கும் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஏப்ரலில் தேர்வு. பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை நல்லது. வெளியூர் ஆட்கள் ரயிலில் வந்து போகவும் வசதி.

விளக்கேற்றுவதும் படத்துக்கு மாலை போடுவதும் எல்லா வீட்டாருக்கும் உகந்ததல்ல. மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று அதைச் சங்கடமாக நினைக்கலாம். குடும்பத்தைக் கேட்டுச் செய்யவும். இரண்டு நிமிட மௌனத்துக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. மேடைக்கு வந்த பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கவே நாற்பது நிமிடம் போய், இறந்தவரின் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, நன்றியுரையில் ஒரு வரி கிடைத்துத் திரும்புவதுதான் இப்போதைய வழக்கம். குடும்பத்துக்கு முன்வரிசையை ஒதுக்கி, பேசுவோர் மூவர், ஆளுக்கு ஏழு நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் பாதி தீரும்.

ஏட்டைத் தொடங்கப் பெரிய குழுவெல்லாம் வேண்டாம். ஒவ்வோர் அணியும் கடைசி வருடத்தில் எடுத்த குரூப் போட்டோ துறையில் எங்காவது இருக்கும். அதன் பிரதியை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற அட்டெண்டரின் வீட்டுக்குப் போங்கள். பெயர், ஊர், யார் எங்கே வேலைக்குப் போனார், யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் பேராசிரியர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பிரதியின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், பின்வரிசையிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக எண் போட்டு எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். அவருக்கும் நினைவு வராத முகம் இருந்தால் 'மூன்றாம் வரிசை, இடமிருந்து 5' என்று மட்டும் எழுதி இடம் விடுங்கள். ஊகித்து எழுதிய பெயர் அடுத்த மலரில் அச்சாகிவிடும். அதன்பிறகு யாராலும் அதை அழிக்க முடியாது.